பாலத்தின் நடுவே நீ நின்ற இடம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி இந்த மாதம் சற்றுத் தேவலை. வியட்நாமின் ஹியென் லுவோங் பாலத்தில் நின்று நீ எடுத்து அனுப்பிய படத்தை அவளும் நானும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதிப் பாலம் நீலம், பாதிப் பாலம் மஞ்சள். நிறம் மாறுகிற இடத்தில் ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமுமாக நீ. படத்துக்குக் கீழே ஒரே வரி எழுதியிருந்தாய்: "இந்தக் கோட்டை யார் போட்டார்கள், அப்பா?"

தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. தவிர, இதில் எனக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. முப்பது வருடம் வகுப்பில் நின்று, "1954 ஜெனீவா ஒப்பந்தம் வியட்நாமை இரு நாடுகளாகப் பிரித்தது" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். அந்த வாக்கியம் தவறு. உன்னிடமாவது அதைத் திருத்திச் சொல்லிவிட வேண்டும்.

1965 மார்ச்சில் டா நாங் கடற்கரையில் அமெரிக்கப் படை இறங்கியதிலிருந்துதான் பலரும் கதையைத் தொடங்குவார்கள். நீ குடியிருக்கும் ஊர் அதுதான் என்பதால் உனக்கும் அதுவே முதலில் தோன்றும். நான் இருபது வருடம் பின்னால் போகிறேன்.

1945 ஜூலையில் அமெரிக்க உளவுத்துறையின் சிறு குழு ஒன்று வியட்நாமின் வடக்கே டான் திராவ் என்ற மலைக்காட்டில் பாராசூட்டில் இறங்கியது. பிரான்சின் காலனியாக இருந்த அந்த நாட்டை அப்போது பிடித்திருந்த ஜப்பானியரை எதிர்த்துக்கொண்டிருந்த வியட் மின் என்ற விடுதலை இயக்கத்தின் வீரர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவர்கள் வேலை. அந்த இயக்கத்தின் தலைவர் ஹோ சி மின் அப்போது காய்ச்சலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். அவருக்கு மருந்து கொடுத்தது அந்தக் குழுவின் மருத்துவ உதவியாளர். சில வாரங்களில், செப்டம்பர் 2 அன்று, ஹனோயில் பா டின் சதுக்கத்தில் ஹோ சுதந்திரத்தை அறிவித்தார். எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டிருக்கிறார்கள் என்ற அமெரிக்கப் பிரகடனத்தின் வாசகத்தோடுதான் அந்த உரையே தொடங்கியது. நடுவில் நிறுத்தி, நான் பேசுவது கேட்கிறதா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். அந்த வருடத் தொடக்கத்தில் வடக்கே பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்திருந்தார்கள். அந்தச் சாவிலிருந்து தப்பியவர்கள்தான் எதிரே நின்று "கேட்கிறது" என்று குரல் கொடுத்தார்கள்.

பிறகு அவர் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்குக் கடிதமும் தந்தியுமாக அனுப்பினார். 1946 பிப்ரவரி 28 அன்றும் ஒரு தந்தி போயிற்று. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. பதில் வந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஹோ கம்யூனிஸ்ட்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தட்டிய கதவுக்குப் பின்னால் ஆள் இருந்தும் திறக்கவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நீ நின்ற கோட்டுக்கு முன்பே இன்னொரு கோடு இருந்தது, தெரியுமா? 1945 கோடையில் போட்ஸ்டாமில் கூடிய நேச நாடுகள், ஜப்பானியரிடம் ஆயுதங்களை வாங்குவதற்காக அந்த நாட்டை 16ஆம் அட்சரேகையில் பிரித்தன. வடக்கே சீனத் தேசியவாதிகள், தெற்கே பிரிட்டிஷ்காரர்கள். அந்த மேசையில் ஒரு வியட்நாமியர்கூட இல்லை. தெற்கே, சைகோனுக்கு, பிரிட்டன் அனுப்பிய படை எது என்றால் ஜெனரல் கிரேசியின் தலைமையில் சென்ற 20ஆம் இந்திய டிவிஷன். நம் நாட்டுச் சிப்பாய்கள், கயல். ஜப்பானியர் அடைத்து வைத்திருந்த பிரெஞ்சு வீரர்களுக்குக் கிரேசி ஆயுதம் கொடுத்தார். செப்டம்பர் 23 அன்று அவர்கள் சைகோனின் அரசுக் கட்டடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். அடிமையாக இருந்த நம்மை வைத்தே இன்னொருவர் கழுத்தில் மறுபடி நுகத்தடியை ஏற்றினார்கள். நேரு அப்போதே இதைக் கண்டித்தார். வகுப்பில் நான் இதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அமெரிக்கா ஏன் பிரான்சின் பக்கம் சாய்ந்தது? ரூஸ்வெல்ட் உயிரோடு இருந்தவரை இந்தோசீனா (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்குப் போகக்கூடாது என்றே பேசிவந்தார். 1945 ஏப்ரலில் அவர் இறந்தார். அதன்பின் வாஷிங்டனின் கண் முழுக்க ஐரோப்பாவின் மேல். சோவியத்துக்கு எதிரே அங்கே பிரான்ஸ் உறுதியாக நிற்க வேண்டும். அதற்காக ஆசியாவில் பிரான்ஸ் செய்ததைக் காணாமல் இருந்தார்கள். 1949 அக்டோபரில் சீனா மாவோவின் கைக்கு வந்ததும், காணாமல் இருந்தவர்கள் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

1950இன் தொடக்கத்தை மட்டும் நிதானமாகப் பார். ஜனவரி 18 அன்று ஹோவின் அரசைச் சீனா அங்கீகரித்தது. அந்த மாதக் கடைசியில் சோவியத் யூனியன். பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவும் பிரிட்டனும் பிரெஞ்சுக்காரர்கள் உட்கார வைத்த முன்னாள் பேரரசர் பாவோ தாயின் அரசை அங்கீகரித்தன. மூன்று வாரத்துக்குள் ஒரு காலனியின் விடுதலைப் போர் உலக வல்லரசுகளின் போராகிவிட்டது. கொரியப் போர்தான் அமெரிக்காவை வியட்நாமுக்குள் இழுத்தது என்று எழுதுகிறவர்கள் தேதியைப் பார்ப்பதில்லை. பிரான்சுக்கு உதவப்போவதாக வெளியுறவுச் செயலர் அச்சிசன் பாரிஸில் அறிவித்தது மே 8. கொரியாவில் போர் மூண்டது ஜூன் 25. முடிவு ஏழு வாரம் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. கொரியா அதை இறுக்கியது, அவ்வளவுதான். 1954 வாக்கில் பிரான்சின் போர்ச் செலவில் ஏறத்தாழ 80 சதவீதம் அமெரிக்காவின் பணம். எதிர்ப்பக்கம் சீனாவின் பீரங்கியும் ஆலோசகர்களும்.

1954 மே 7 அன்று டியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வியட் மின்னிடம் சரணடைந்தது. மறுநாளே ஜெனீவாவில் இந்தோசீனப் பேச்சு தொடங்கியது. வென்றவரின் பிரதிநிதி பாம் வான் டோங், கோடு 13ஆம் அட்சரேகையில் வேண்டும் என்றார். பிரான்ஸ் 18 என்றது. சந்தையில் பேரம் பேசுவதுபோல எண் ஏறி இறங்கியது. கடைசியில் 17. நீ நின்ற கோடு அதுதான். ஹோவின் மனத்தை மாற்றியவர் சீனப் பிரதமர் சௌ என்லாய். ஜூலைத் தொடக்கத்தில் சீனாவின் லியூசோ நகரில் அவரோடு உட்கார்ந்து பேசினார். கொரியாவில் அடிபட்டு ஓய்ந்திருந்த சீனாவுக்கு இன்னொரு அமெரிக்கப் போர் வாசலில் வேண்டாம். சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலடோவுக்கு ஐரோப்பாவில் பிரான்சின் தயவு வேண்டும். எதிரி மட்டும் வெட்டியிருந்தால் ஆற்றிக்கொள்ளலாம். இங்கே கத்தியைத் தோழர்களும் சேர்ந்து பிடித்தார்கள்.

இப்போது என் தவறான வாக்கியத்துக்கு வருகிறேன். இந்தக் கோடு தற்காலிகமானது, இதை எந்த வகையிலும் அரசியல் எல்லையாகக் கொள்ளக்கூடாது என்றே ஜெனீவாவின் இறுதி அறிக்கை சொல்லிற்று. 1956 ஜூலையில் நாடு முழுவதற்கும் பொதுத்தேர்தல். அதுவரை மேற்பார்வை பார்க்கும் ஆணையத்தில் இந்தியா தலைமை. கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள். தெற்கின் பிரதிநிதி பிரிவினையை எதிர்த்தார். அமெரிக்கா அறிக்கையைக் கவனத்தில் கொள்வதாகச் சொன்னதோடு சரி, ஒப்புக்கொள்ளவில்லை. தற்காலிகக் கோட்டை எல்லையாக்கியது அதன்பிறகு நடந்தவை. 1955 அக்டோபரில் தெற்கின் பிரதமர் நோ டின் டியெம், பாவோ தாயை நீக்க நடத்திய வாக்கெடுப்பில், சைகோனில் நான்கரை லட்சம் வாக்காளர்கள் இருக்க, அவருக்கு விழுந்த வாக்கு ஆறு லட்சத்துக்கும் மேல்! அந்த டியெமை வாஷிங்டன் தாங்கிப் பிடித்தது. 1956 தேர்தல் நடக்கவே இல்லை. 1957 ஜனவரியில் சோவியத் யூனியனே, இரண்டு வியட்நாமையும் ஐ.நா.வில் சேர்த்துக்கொள்ளலாம் என்று முன்மொழிந்தது.

வடக்கைப் புனிதமாக்கி எழுதுகிறேன் என்று நினைக்காதே. நிலச்சீர்திருத்தத்தின் பேரில் அங்கே ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். எட்டு லட்சம் பேருக்குக் குறையாமல் தெற்கே போனார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், அமெரிக்கக் கப்பல்களிலும் போனார்கள். அவர்களும் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியவர்கள்தான்.

பாலத்தின் நிறத்துக்குக் காரணம் கேட்டாள் அம்மா. பாலம் 178 மீட்டர், ஆளுக்கு 89. தெற்கு தன் பாதிக்கு வேறு நிறம் பூசும். பாலம் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று வடக்கும் தன் பாதிக்கு அதே நிறத்தைப் பூசும். தெற்கு மறுபடி நிறத்தை மாற்றும். இப்படியே நடந்ததாம். கேட்டுவிட்டு அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

கடைசியாக ஒன்று. நீ குடியிருக்கும் வீட்டுக்காரப் பாட்டி, தன் அப்பா 1954இல் குயி நோன் துறைமுகத்தில் கப்பலேறி வடக்கே போனார் என்றும், திரும்பி வர 1975 ஆனது என்றும் சொன்னதாக எழுதியிருந்தாயே. அப்படிப் போன வியட் மின் பக்கத்தவர்கள் வழியனுப்ப வந்தவர்களைப் பார்த்து இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினார்கள் என்று படித்தேன். இரண்டே வருடம், தேர்தல் முடிந்ததும் வந்துவிடுவோம் என்று பொருள். அவருடைய அப்பாவும் அப்படிக் காட்டினாரா என்று பக்குவமாகக் கேட்டுப் பார். சொல்ல விரும்பவில்லை என்றால் வற்புறுத்தாதே. அம்மா உனக்கு அனுப்பும் முறுக்கில் அவருக்கும் ஒரு பொட்டலம் தனியாகக் கட்டியிருக்கிறாள், கொடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா