தீட்டு வீட்டுக்கு ஒரு தூக்குச் சோறு: மொரிஷியஸ் கோயில் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், எல்லாக் கோயில்களிலும் உண்மையில் வேலையை இழுத்துப்போட்டுச் செய்கிற மகளிர் அணியினருக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடியன்று நம் கோயில்களில் வாழையிலை போட்டு ஏழு கறியோடு சோறு பரிமாறுகிறீர்கள். வந்தவர் தமிழரா, கிரியோலா, சீனரா என்று யாரும் கேட்பதில்லை. விடியுமுன்பே பூசணியும் பலாக்காயும் நறுக்கி, அண்டா அண்டாவாக ரசம் வைத்து, பந்தி பந்தியாக உட்காரவைத்துச் சோறு போடுகிற ஆள்பலம் உங்களிடம் இருக்கிறது. பிள்ளை பெற்று, துணைக்கு ஆளில்லாமல் பால்கொடுத்துக்கொண்டிருக்கும் பெண்களின் பக்கம் அதில் கொஞ்சத்தைத் திருப்பிவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். தமிழ் படிக்கத் தெரியாத அங்கத்தினர்களுக்கு உங்கள் ஊர்த் தமிழாசிரியர் கிரியோல் மொழியில் எடுத்துச் சொல்லட்டும். சொல்லும்போது காரத்தைக் குறைக்க வேண்டாம்.

நான் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் எனக்கு விமான டிக்கெட் விலையோடு முடிந்துபோயிற்று. ஆனால் இது என்னைப் போல வந்தேறிய சிலருடைய குறை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்களையும் பார்க்கிறேன். அம்மா இன்னும் துணி ஆலைக்கு வேலைக்குப் போகிறாள். மாமியாருக்கு முட்டி வலி. கணவனுக்குக் கடற்கரை ஓட்டலில் இரவு ஷிப்ட். தீவு சிறியதுதான், ஆனாலும் பகல் முழுதும் அந்த வீட்டுக் கதவைத் தட்ட ஆள் இருக்காது.

பல குடும்பங்களில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் தீட்டு. கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. இது சரியா தவறா என்று இங்கே வழக்காட வரவில்லை. எனக்கொரு கருத்து இருக்கிறது, அது இன்னொரு மடலுக்கு ஆகும். இப்போது சொல்ல வருவது வேறு. பால்கொடுப்பது நிலைக்கிறதா, கைவிட்டுப் போகிறதா என்பது பெரும்பாலும் அந்த நாற்பது நாளுக்குள்தான் தீர்மானமாகிறது. அவள் கோயிலுக்கு வரக் கூடாதென்றால், கோயில் அவளிடம் போகலாமே.

ஆண்களும் படிப்பார்கள் என்பதால் கணக்கைச் சொல்கிறேன். பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் ஆவது சாதாரணம். பிறகு ஏப்பம் விடவைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், தூங்கவைக்க வேண்டும். அது முடிவதற்குள் அடுத்த பசி வந்துவிடும். இடையில் அவள் எப்போது சமைப்பாள், எப்போது குளிப்பாள், எப்போது கண்ணை மூடுவாள்?

பால் இறங்கத் தொடங்கியதும் திடீரென்று ஒரு தாகம் எடுக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்ச் செம்பு மேசைமேல் இருக்கிறது, நாலே அடி தூரம். பிள்ளை அப்போதுதான் சரியாகக் கவ்விப் பிடித்திருக்கிறது, எழுந்தால் விட்டுவிடும். காம்பு வெடித்திருந்தால் மறுபடி கவ்வும்போது உயிர் போய் வரும். அதனால் செம்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். கையில் கைபேசி இருக்கும். பால் சுரக்கப் பத்து வழிகள் என்று அதில் உபதேசம் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் செம்பை எடுத்துக் கையில் கொடுக்கும் வழி அந்தப் பத்தில் இல்லை.

பார்க்க வருகிறவர்களும் வருகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. சோபாவில் உட்கார்ந்து தேநீருக்குக் காத்திருப்பார்கள். தேநீர் போடுகிறவள் யார் என்று நினைக்கிறீர்கள்? குடித்து முடித்துக் கிளம்பும்போது ஒரு கேள்வி: "பால் போதுகிறதா?" பிள்ளை நாள்முழுதும் அழுதுகொண்டிருக்கும் வீட்டில் இந்த ஒரு கேள்வி போதும். அன்றிரவே பால்மாவு டப்பா திறக்கப்படும்.

முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். அளவில் கொஞ்சந்தான், பிள்ளைக்கு அது போதும். அதன் பிறகு பால் கட்டி மார்பு கல்லாகும். பெரும்பாலும் அது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு நடக்கிறது, தாதி யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில். இறுகிய மார்பைப் பிள்ளையால் கவ்வ முடியாது. அது அழுகிறது, இவளும் அழுகிறாள். டப்பாப் பால் வயிற்றை நிரப்பினால் பிள்ளை மார்பில் குடிப்பது குறையும். குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும். அப்புறம் ஊரே சொல்லும், அவளுக்குப் பால் இல்லை என்று.

பால் போதுகிறதா என்பதற்கு எந்தத் தாதியும் சொல்லும் விடை எளியது. ஐந்தாம் நாளுக்கு மேல் நாளுக்கு ஆறு துணியாவது நன்றாக நனைகிறதா, பிறந்தபோதிருந்த எடையை இரண்டு வாரத்துக்குள் எட்டிவிட்டதா என்று பார்த்தால் போதும். உங்கள் மகளிர் அணியினர் இதைக் கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாதா? கூடவே இன்னொன்றையும் கற்றுக்கொள்ளட்டும். மார்பு சிவந்து காய்ச்சல் அடித்தாலோ, பிள்ளை பால் குடிக்க எழாமல் துவண்டு கிடந்தாலோ, கைவைத்தியம் பார்க்காமல் உடனே சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

என் வீட்டுக்குப் பக்கத்தில் எல்லாரும் 'தான்தின்' (கிரியோலில் அத்தை) என்று கூப்பிடும் ஒரு கிரியோல் அம்மா இருக்கிறார். அவர் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. வந்தார், பாத்திரங்களைக் கழுவினார், முருங்கைக்கீரைச் சூப்பை என்னிடம் நீட்டினார், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தூங்கச் சொன்னார். பால் ஊறியது கீரையாலா தூக்கத்தாலா என்று கேட்டால் என் ஓட்டு தூக்கத்துக்குத்தான். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். நம் கோயிலிலிருந்து யாரும் வரவில்லை என்று குத்திக்காட்டவில்லை. வரவில்லை என்பது மட்டும் உண்மை.

இது அரசாங்கத்தின் வேலையல்லவா என்று உங்களில் ஒருவர் கேட்பார். அரசாங்கம் தன் பங்குக்குச் சட்டம் போட்டிருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் தொழிலாளர் உரிமைச் சட்டப்படி, பால்கொடுக்கும் தாய்க்கு வேலை நேரத்தில் தினமும் இரண்டு அரை மணி இடைவேளை அல்லது ஒரு மணி இடைவேளை உண்டு. ஆறு மாதத்துக்கு, மருத்துவர் சொன்னால் அதற்கு மேலும். பேறுகால விடுப்பு 2024-இல் 14 வாரத்திலிருந்து 16 வாரமாயிற்று. தந்தையர் விடுப்பும் நான்கு வாரமாக நீண்டது. உலக சுகாதார நிறுவனமோ ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறது. 16 வாரத்துக்கும் ஆறு மாதத்துக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை அவள் பாலைப் பீய்ச்சி வைத்துத் தாண்ட வேண்டும். எபேன் அலுவலகங்களில் வேலை செய்கிறவள் அரை மணியில் வீட்டுக்கு வந்து திரும்ப எந்த பஸ்ஸும் கிடையாது. சட்டத்தால் நேரம் கொடுக்க முடியும். சோறு வடிக்க முடியாது.

நான் கேட்பது பெரிய திட்டமல்ல. உங்கள் ஊரில் பிள்ளை பிறந்த வீடு எது என்று அர்ச்சகருக்கு எப்படியும் தெரியும். அந்த வீட்டுக்கு ஆறு வாரம், வாரத்தில் சில நாளாவது, மத்தியானத்துக்கு ஒரு தூக்குச் சோறு போகட்டும். கொண்டுபோகிறவர் ஒரு மணி நேரம் பிள்ளையை வைத்துக்கொள்ளட்டும், துணியை உலர்த்தட்டும், கேள்வி கேட்காமல் வரட்டும். டப்பாப் பால் கொடுக்கிற வீடாக இருந்தாலும் அதே சோறு போக வேண்டும். இது யாருக்கும் பரீட்சையல்ல. பிள்ளை பார்க்கப் போகும்போது பால்மாவு டப்பாவைப் பரிசாகக் கொண்டுபோகும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். பழம் வாங்கிக் கொடுக்கலாம்.

காவடியன்று கோயிலில் ஒரு மூலையில் திரை கட்டி, மின்விசிறியும் சாய்ந்து உட்கார நாற்காலியும் போட்டு வையுங்கள். அந்தக் கோடை வெயிலில் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பால்கொடுக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். செருப்பு வைக்க இடம் ஒதுக்குகிறீர்கள், வாகனம் நிறுத்த ஆள் போடுகிறீர்கள். இதற்கு ஒரு பழைய புடவை போதும்.

அடுத்த தைப்பூச ஏற்பாட்டுக் கூட்டத்தில் பந்தல், மேளம், இலைக்கட்டு எல்லாம் பேசிய பிறகு இதையும் ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பொருளாக வேண்டாம். அதற்குள் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். என் மகள் இப்போது சோறு தின்கிறாள். புதன்கிழமை மத்தியானங்களில் எனக்கு வேலையில்லை. ரோஸ்ஹில், போ பாசேன் பக்கம் எந்தக் கோயில் தொடங்கினாலும் புதன்கிழமைச் சமையலுக்கு என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் வருவேன், பாத்திரம் கழுவவும் வருவேன்.

இப்படிக்கு,
ரோஸ்ஹில்லிலிருந்து ஒரு தாய்