காரச்சேவு டின்னுக்கு ஒரு நன்றி மடல்

நேற்று சாயங்காலம் திருநெல்வேலி தச்சநல்லூரில் ஒரு மாடி அறையின் சாவி என் கைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தத்தில் என் பெயர். கையெழுத்துப் போட்டபோது வந்த நடுக்கம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. அது அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும்.

என் கதை உங்களுக்கெல்லாம் தெரியும். 11 வயதில் ஜங்ஷன் ரயில் நிலையத்தில் அலைந்தவனை 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சேர்ந்த அக்கா ஒருவர் குழந்தைகள் இல்லத்துக்குக் கூட்டிப் போனார். 18 வயது முடிந்ததும் இல்லத்தை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று; பன்னிரண்டாம் நாள் அதே ஜங்ஷனுக்கு வந்து படுத்தேன். அப்போது 1098-க்கு நான் பெரிய ஆள். இது போதும், மிச்சத்தை விடுங்கள்.

சொல்ல வேண்டியது ஆச்சியைப் பற்றி.

ஈரடுக்குப் பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஆச்சியின் டீக்கடை. ஒரு ராத்திரி கோடை மழை கொட்டித் தீர்த்தது. என் பை ஊறிவிட்டது. விடிந்ததும் கடை பெஞ்சில் நாலு தாளை விரித்துப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தேன்.

"என்னலே இது?"

"பத்தாங்கிளாஸ் மார்க் சீட்டு ஆச்சி. டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார்."

ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தொடுவதற்கு முன்னால் முந்தானையில் இரண்டு தடவை கையைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு தாளுக்கும் நடுவே வடை மடிக்கிற பழைய பேப்பரை வைத்து, மேலே சீனி டப்பாவைப் பாரமாக ஏற்றினார். டி.சி.யில் முத்திரை மை கொஞ்சம் கரைந்திருந்தது. மத்தியானம் எடுக்கப் போனால் தாள்கள் ஒரு காலி காரச்சேவு டின்னுக்குள் போயிருந்தன.

"இதத் தலைக்கு வச்சிப் படுத்தா எவனாவது தூக்கிட்டுப் போயிருவான். இங்கன கெடக்கட்டும். வேணும்னா வந்து கேளு."

மூன்று மாதம் சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்த டின் இருந்தது. ஜெராக்ஸ் எடுக்கக் கேட்டால் ஸ்டூலில் ஏறி இறக்கித் தருவார். "நாலு இருக்கா, எண்ணிக்கோ." திருப்பிக் கொடுக்கும்போதும் எண்ணச் சொல்வார்.

"நீ எந்த ஊரு, யாரு மவன்?" என்று அவர் கேட்டதே இல்லை. நம்ம பக்கம் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. அறை தேடிய ஏழு வீட்டு வாசலிலும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். ஆச்சி அலமாரியிலோ என் சாதிச் சான்றிதழே மூன்று மாதம் கிடந்தது.

ரோட்டில் படுக்கிறவனிடமிருந்து முதலில் செருப்பு போகும், அப்புறம் போன், கடைசியில் காகிதம். செருப்பை வாங்கிவிடலாம். காகிதம் போனால் போலீஸ் ஸ்டேஷன், பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ் என்று அலைய வேண்டும். போகிற இடமெல்லாம் விலாசம் கேட்பார்கள். என் பக்கத்தில் படுத்த பையன் டி.சி.யைத் தொலைத்துவிட்டு நாலு தடவை அலைந்தான். பிறகு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்று ரயிலேறினான். அப்புறம் அவனைப் பற்றித் தகவலே இல்லை.

பேட்டை ஐ.டி.ஐ.யில் சேரப் போன அன்று, சான்றிதழ் சரிபார்த்த சார் தாளை முகர்ந்து பார்த்து, "என்னப்பா, காரச்சேவு வாசம் வருது?" என்று சிரித்தார். பிட்டர் பிரிவில் இடம் கிடைத்தது. டி.சி. மூலையில் அந்த எண்ணெய்க் கறை இப்பவும் இருக்கிறது.

மற்றவர்களையும் மறக்கவில்லை. வேலை முடிந்து பிந்தி வந்தாலும் கேட்டைத் திறந்துவிட்ட மாநகராட்சித் தங்குமிடத்து அண்ணாச்சி, முன்பணத்துக்குக் கைகொடுத்த கங்கைகொண்டான் சிப்காட் சூப்பர்வைசர், மோட்டார் போடுகிற நேரத்தை மட்டும் பேசி அறை தந்த வீட்டுக்காரர், எல்லோருக்கும் கும்பிடு. இல்லத்திலிருந்து வந்தவர்கள் 21 வயது வரை உதவி கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று எனக்கு முதலில் சொன்னது கொக்கிரகுளத்தில் ஒரு மேடம். இல்லத்தை விட்டுக் கிளம்பிய அன்று யாரும் அதைச் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. நன்றி மடலில் இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.

இந்த வருசம் 18 முடிக்கிற தம்பிகளே, கிளம்பும் முன்னால் அந்த உதவியைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். எங்கும் இடமில்லை என்றால் இங்கே வாருங்கள். கோரைப்பாய் இரண்டு வாங்கியிருக்கிறேன்.

ஆச்சி, இதைப் பேத்தி உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். டின்னைத் தூரப் போட்டுராதீங்க. வாடகை ஒப்பந்தத்துக்கு ஒரு நகல் எடுத்திருக்கேன், அதில் கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமை காலையில கொண்டு வாரேன்.