வேலியடிக் கொடி

அன்புள்ள மகளுக்கு,

தைப்பொங்கலோடு போனவள் இன்னும் வரவில்லை. வேலை அதிகம் என்று அம்மா எல்லோருக்கும் சொல்கிறாள். நானும் அதையே சொல்கிறேன்.

சிங்கராஜக் காட்டுப் பக்கம் மழை விடவில்லை என்று வானொலியில் சொன்னார்கள். அட்டைக்கு நீளக் காலுறை போடு. காட்டுக்குள் தனியாகப் போகாதே.

முந்தாநாள் சனசமூக நிலையத்தில் நம் தபாலதிபர், "மகள் காட்டில் என்ன செய்கிறாள்?" என்றார். விடுவேனா? இலங்கையின் தென்மேற்கு மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இலங்கை ரோஜா வண்ணத்துப்பூச்சியைத் தேடுகிறாள், சிவந்த உடம்பு, பின்சிறகில் வெள்ளைத் திட்டு, 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆக்கிய காடு என்று ஒப்புவித்தேன். "இதற்குச் சம்பளமும் தருகிறார்களா?" என்று சிரித்தார். எனக்குச் சுள்ளென்றது. வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் உறைத்தது: பொங்கலன்று பெரியம்மா வீட்டார் முன்னால் நானும் இதையேதான் கேட்டேன்.

நீயும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனாய்.

இன்னொன்றும் இருக்கிறது. நாலாம் வகுப்பில் கிணற்றடி வேலியோரம் ஆடுதீண்டாப்பாளைக் கொடியில் ஏழு வண்ணத்துப்பூச்சிப் புழு வளர்த்தாயே, கருஞ்சிவப்பில், மெத்தென்ற முள்ளோடு? அந்த இலையின் நஞ்சு அவற்றின் உடம்பில் ஏறுவதால் குருவி தொடாது என்று எனக்கே பாடம் சொன்னாய். கொடி மழையில் அழுகிப்போனது என்றேன். பொய். திருவிழாவுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று நான்தான் வெட்டிச் செருக்கினேன். புழுக்களைக் கண்டேன் மகளே. கண்டும் குப்பையோடு எரித்தேன். நீ மூன்று நாள் அந்த இடத்தில் குந்தியிருந்தாய். நான் பேப்பர் படித்தேன்.

வந்த சாதகத்தைத் தரகரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது.

அதே இடத்தில் கொடி மறுபடி முளைத்திருக்கிறது. சுற்றிச் செங்கல் அடுக்கியிருக்கிறேன். நேற்று ஓர் இலையில் செம்மஞ்சளாக இரண்டு பொட்டுகள் தெரிந்தன. முட்டையா, அழுக்கா, என் கண்ணாடிக்குப் பிடிபடவில்லை. துடைக்கவில்லை.

தனியாகப் போகாதே. காலுறை போடு.

அப்பா
கோண்டாவில்