ஆய்வு நெறியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முனைவர் பட்டத்துக்குச் சேரும் ஆய்வாளரும் அவரது ஆய்வை வழிநடத்தும் நெறியாளரும் ஒருவரிடம் ஒருவர் எதிர்பார்ப்பதை முதல் மாதத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வாண்டு நாம் முன்னெடுத்த முக்கியப் பணி. நம்மிடம் வந்த மனக்குறைகளில் பல கெட்ட எண்ணத்தால் எழுந்தவை அல்ல. வாரந்தோறும் சந்திப்பு இருக்கும் என்று ஆய்வாளர் நினைத்திருப்பார். தேவைப்பட்டால் வரட்டும் என்று நெறியாளர் இருந்திருப்பார். கேட்கத் தயங்குபவர் மெல்ல ஒதுங்கிவிடுகிறார்.

இதற்காக இரண்டு பக்கப் படிவம் ஒன்றை உறுப்பினர்களுக்கு வழங்கினோம். சந்திப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை, வரைவு எத்தனை நாளில் திரும்பும், தரவை எங்கே சேமிப்பது, நெறியாளர் நீண்ட விடுப்பில் போனால் யாரை அணுகுவது என்பவை அதில் உள்ளன. ஆண்டுக்கு ஒருமுறை இருவரும் அதைத் திருத்தியமைக்க வேண்டும்.

சந்திப்புக் குறிப்பை ஆய்வாளரே 24 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பட்டும். அரைப் பக்கம் போதும்: முடிவானவை, அடுத்த வேலை, அதற்கான தேதி, தீராத கேள்வி. "இன்னொரு அளவீட்டையும் சேர்த்துப் பார்க்கலாம்" என்று நெறியாளர் யோசனையாகச் சொல்லியிருப்பார். குறிப்பில் அது "சேர்க்க வேண்டும்" என்று வந்திருக்கும். அன்றே ஒரு வரியில் திருத்திவிட்டால் பல மாத உழைப்பு வீணாகாது.

பயிற்சி அமர்வுகளில் வரைவுத் திருத்தத்துக்கே அதிக நேரம் ஒதுக்கினோம். முதல் வரைவில் எழுத்துப்பிழையைத் தேட வேண்டாம்; வாதம் மாறினால் அந்த வாக்கியமே நீக்கப்படும். ஓரத்தில் "தெளிவில்லை" என்று மட்டும் எழுதினால் ஆய்வாளருக்கு எதைத் திருத்துவது என்று புரியாது. "இந்த முடிவுக்கு அட்டவணை 3இல் எந்த எண் ஆதாரம்?" என்று கேட்டால் அவருக்கு வழி தெரியும். இரண்டு வாரத்தில் திருப்ப முடியாவிட்டால், எப்போது முடியும் என்றாவது சொல்லிவிடுவது நம் கடமை.

கட்டுரையில் யார் பெயர் வரும் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே பேச வேண்டும். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த 4 நிபந்தனைகளை எல்லாத் துறையினருக்கும் பரிந்துரைத்தோம்: ஆய்வில் கணிசமான பங்களிப்பு, எழுதுவதில் அல்லது செப்பனிடுவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பேற்பு. நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். நிதி பெற்றுத் தந்ததோ பொது மேற்பார்வையோ மட்டும் இருந்தால் நன்றியுரையில்தான் இடம்.

நெறியாளர் தவிர தனி வழிகாட்டி ஒருவரும் ஒவ்வோர் ஆய்வாளருக்கும் வேண்டும். உதவித்தொகை, மதிப்பீடு, பரிந்துரைக் கடிதம் ஆகிய எதிலும் அதிகாரம் இல்லாதவராக அவர் இருந்தால்தான் மனம் திறந்து பேச முடியும். அவர் ஆய்வேட்டின் இயல்களைத் திருத்தத் தொடங்கக் கூடாது. தொடங்கினால், இரண்டு கருத்துக்கு நடுவே ஆய்வாளர் திண்டாடுவார். பேசுவது ரகசியமாகவே இருக்கும். ஆனால் துன்புறுத்தலோ உயிராபத்தோ தெரியவந்தால் உரியவரிடம் சொல்வேன் என்பதை முதல் சந்திப்பிலேயே அவர் தெரிவித்துவிட வேண்டும்.

ஆய்வாளர் சந்திப்பைத் தள்ளிப்போடுவதும் "இன்னும் கொஞ்சம்தான் பாக்கி" என்பதும் தொடர்ந்தால் கண்டிப்பு பயன்படாது. ஒரு வாரத்தில் இரண்டு பக்கம், அரைகுறையாக இருந்தாலும் சரி என்று கேட்டுப் பாருங்கள்.

வரவுசெலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். புதிய நெறியாளர்கள் தங்கள் முதல் ஆய்வாளரை ஏற்கும் முன், அனுபவமுள்ளவருடன் இணை நெறியாளராகப் பணியாற்ற வேண்டும் என்ற தீர்மானத்துடன் இவ்வறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்