மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, யாங்கோன்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற ஆண்டில் பொங்கல் விழாவும் நவராத்திரி விழாவும் வழக்கம்போல் நடந்தேறின. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு, மின்வெட்டு நாட்களில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தொடர்ந்தது.

சித்திரை முதல் நாள் நடந்த பட்டிமன்றத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘தண்ணீர் ஈரமானதா?’ என்ற தலைப்பை முன்மொழிந்தவன் நான். இது சிறுபிள்ளை விளையாட்டு என்று செயற்குழுவில் இருவர் மறுத்ததும் குறிப்பேட்டில் உள்ளது. ஏப்ரல் 14, ஒருவர்மேல் ஒருவர் நீர் ஊற்றிக் கொண்டாடும் பர்மியப் புத்தாண்டான திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவின் நடுவில் வருவதால், தெருமுனைதோறும் வாளியும் குழாயுமாக நின்ற இளைஞர்களைக் கடந்து வந்த அவையினரில் உலர்ந்த உடையோடு அமர்ந்தவர் ஒருவரும் இல்லை. இத்தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான அவை வாய்க்காது என்றே இன்னும் கருதுகிறேன்.

அணிக்கு மூவர் பெயர் கொடுத்திருந்தும் ‘ஈரமன்று’ அணியில் இருவர் வரவில்லை. ஒருவர் பேருந்து ஓடவில்லை என்றார். மற்றவர் காரணமும் சொல்லவில்லை. வேறு வழியின்றி அவ்வணியில் நானே பேசினேன்.

‘ஈரமே’ அணித் தலைவி புறநானூற்றின் இரண்டாம் பாட்டை எடுத்துக்கொண்டார். முரஞ்சியூர் முடிநாகனார் நிலத்தின் பொறையையும் நீரின் அளியையும் சேரனுக்கு உரியவையாகப் பாடியிருக்கிறார். அளி என்பது நெஞ்சின் ஈரந்தானே, தன்னிடம் இல்லாத ஈரத்தை நீர் எப்படிப் பிறவற்றுக்குத் தரும் என்று அவர் கேட்டபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அடுத்து வந்தவர், நீர் மூலக்கூறு ஒவ்வொன்றும் பக்கத்திலுள்ள நான்கு மூலக்கூறுகள் வரை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்வதால் நீரை நீரே நனைத்திருக்கிறது என்றார். நல்ல வாதம்தான்.

தண்ணீர் என்ற சொல்லில் நம் முன்னோர் தண்மையை வைத்தார்களே தவிர ஈரத்தை வைக்கவில்லை என்று நான் தொடங்கினேன். பிறகு தாம்பாளத்தில் சேம்பிலையை விரித்து ஒரு கரண்டி நீர் விட்டேன். அது முத்தாகத் திரண்டு உருண்டு விளிம்பில் விழுந்தது. முன்வரிசையில் இருந்த அம்மையார் இலையைத் தடவிப் பார்த்து, விரல் உலர்ந்திருப்பதை எல்லாருக்கும் காட்டினார். சோப்புக் கரைத்த நீரை விட்டதும் அது பரவி இலையோடு ஒட்டிற்று. நீர் தன்னைத்தானே பற்றும் ஓரினக்கவர்ச்சி மிஞ்சினால் துளி திரளும், பிற பரப்பைப் பற்றும் வேற்றினக்கவர்ச்சி மிஞ்சினால் துளி பரவும். துளியின் விளிம்பு பரப்போடு உண்டாக்கும் சேர்கோணம் 90 பாகைக்குக் குறைந்தால் பரப்பு நனைகிறது என்பது இயற்பியல் வழக்கு. 20 பாகை செல்சியசில் நீரின் பரப்பு இழுவிசை, அதாவது மேற்பரப்பைச் சுருக்கப் பார்க்கும் விசை, மீட்டருக்கு ஏறக்குறைய 72.8 மில்லிநியூட்டன், பாதரசத்துக்கு அது ஆறு மடங்குக்கும் மேல், ஆகவே பாதரசம் நீர்மமாக இருந்தும் கண்ணாடியை நனைப்பதில்லை. ஈரம் நீரும் பரப்பும் சேர்ந்து உண்டாக்குவது, நீர் மட்டும் தனியே ஈரமாக இருக்க முடியாது என்று முடித்தேன்.

நடுவர் எங்கள் பக்கம் தீர்ப்பளித்தார். செயலாளர் பேசியதால் நடுவர் முகதாட்சண்யம் பார்த்தார் என்று பின்னர் ஒரு கடிதம் வந்தது. அதை எழுதிய உறுப்பினரின் கையெழுத்து அன்றைய வருகைப் பதிவேட்டில் இல்லை. சந்தாப் பேரேட்டிலும் அவர் பெயருக்கு நேரே நெடுநாளாக வெற்றிடமே காணப்படுகிறது. அவர் ஒருவர் மட்டும் அல்லர் என்பதை இங்கே வருத்தத்தோடு பதிகிறேன்.

வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்திருக்கின்றன. சிறு பற்றாக்குறையைப் பொருளாளர் தம் கையிலிருந்து ஈடுசெய்தார். பட்டிமன்றச் செலவு தேநீரும் வடையும் மட்டுமே, சேம்பிலை என் வீட்டுக் கொல்லையில் பறித்தது. இடம் அளித்தவர்களுக்கும் நாற்காலி தூக்கிய இளைஞர்களுக்கும் மன்றத்தின் நன்றி.

அடுத்த சித்திரைக்கும் பட்டிமன்றம் நடத்த எண்ணம் உண்டு. பேச ஒப்புக்கொள்பவர்கள் வர வேண்டும் என்பதைத் தவிர வேறு நிபந்தனை இல்லை. செயலாளர் பொறுப்பை ஏற்க யாரேனும் முன்வந்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசலருகே ரசீதுப் புத்தகத்தோடு அமர்ந்திருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்