அந்தக் கத்தரிக்காய், அக்கா

அக்கா,

இன்று டிசம்பர் 30. 2013இல், மருந்தில்லாத இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகச் சொன்ன நம்மாழ்வார் ஐயா போன நாள். காலையில் குடும்ப வாட்ஸ்அப்பில் அவர் படத்தை நீ போட்டதும் எனக்காகத்தான் போட்டிருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது. மருந்து அடிக்கிற நம் வீட்டு அரிசி வேண்டாம் என்று நீ சொன்னதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அத்தானும் படிப்பார், ஊரும் படிக்கும்.

கத்தரிக்காயைத்தான் மறக்க முடியவில்லை. திண்ணையில் கூடையைக் கவிழ்த்து, ஒரு காயில் இருந்த ஓட்டையைக் காட்டி, "பூச்சி இருக்கு, அப்ப மருந்து அடிக்கலதானே?" என்றாய். தலையை ஆட்டிவிட்டேன். அடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தப்புதான். ஆனால் நீ பார்த்தது புழு வெளியேறிய ஓட்டை. உள்ளே புகுந்த ஓட்டை ஊசிமுனை அளவுதான், அதையும் தன் கழிவாலேயே அடைத்துவிடும். அதற்குப் பிறகு மேலே எவ்வளவு அடித்தாலும் அதைத் தொடாது. ஓட்டைக்காய் என்றால் மருந்தில்லாத காய் என்று உனக்கு யார் சொன்னது?

பறிப்பு மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை. அடித்தபின் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், புட்டியோடு வரும் சீட்டில் போட்டிருக்கும். அது பறிப்பு இடைவெளியைத் தாண்டினால் நடுவில் வரும் காயைக் கீழே கொட்ட வேண்டும். கொட்டுகிற விவசாயியை நீ காட்டு, நான் கும்பிடுகிறேன். அதனால் உழவர் சந்தையில் "இயற்கையா?" என்று கேட்காதே. யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், என்னைப் போல. "என்ன அடிச்சீங்க, என்னைக்கு அடிச்சீங்க?" என்று கேள்.

இயற்கைப் பொருள் வாங்க என்று கையில் இருக்கிற காசை எல்லாவற்றிலும் இறைக்காதே. கீரை, கொத்தமல்லி, கத்தரி, வெண்டைக்குச் செலவழி. செடிக்குள்ளேயே ஊடுருவும் வகை மருந்து கழுவினாலும் போகாது, உப்புத் தண்ணீரில் போட்டாலும் போகாது. பரங்கி, சேனை, தேங்காய்க்கு உள்ளூர்ச் சாதாரணக் காயே போதும். வாழைப்பழத்தில் பழுக்க வைத்த விதத்தைப் பார். பழுக்க வைக்கும் கார்பைடு கல்லுக்குத் தடை இருக்கிறது என்பதால் யாரும் போடுவதில்லை என்று நினைக்காதே. தீட்டிய வெள்ளை அரிசிக்கு ரெண்டு மடங்கு கொடுக்க வேண்டியதில்லை. மருந்தின் மிச்சம் பெரும்பாலும் தவிட்டோடு போய்விடும். பாப்பாவுக்குக் கைக்குத்தலோ கருப்பு கவுனியோ வாங்கினால், அதில் தவிடு போகாமல் இருக்கும், அதை மட்டும் இயற்கையா என்று பார்த்து வாங்கு. அரசு அங்கீகரித்த இயற்கைச் சான்று முத்திரை எதுவும் இல்லாமல் "இயற்கை" என்று மட்டும் அச்சடித்திருந்தால் அது வெறும் அச்சுதான். பிஜிஎஸ், அதாவது விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து தரும் சான்றில், 'கிரீன்' என்றிருந்தால் நிலம் இன்னும் இயற்கைக்கு மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தவிடு நீக்காத அரிசி நாளானால் காறும். மாதத்துக்கு அஞ்சு கிலோவுக்கு மேல் வாங்காதே. நீ வாங்கிய மூட்டையைப் பிரித்து மோந்து பார்த்தாயா?

இவ்வளவு சொல்லிவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. வாய்க்கால் தலைப்பில் இருக்கிற ஒரு மா நிலத்தை, ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, இயற்கை விவசாயத்துக்கு ஒதுக்கிவிட்டேன். அங்கே தண்ணீர் முதலில் நம் வயலுக்குத்தான் பாய்கிறது, அடுத்தவர் போட்ட யூரியா கரைந்து வராது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் ஈரத்தில் உளுந்து தெளிப்பேன். ஆற்றில் தண்ணீர் வந்ததும் பசுந்தாள் உரத்துக்கு ஏழு கிலோ தக்கைப்பூண்டு விதை, 45 நாளில் மடக்கி உழவு, பிறகு தூயமல்லி என்கிற பாரம்பரிய நெல். சாணமும் கோமியமும் ஊறவைத்த ஜீவாமிர்தக் கரைசல் ஒரு தடவைக்கு எழுபது லிட்டர் போதும். முதல் போகத்தில் மகசூல் விழும், கடன் கணக்கை இங்கே எழுதவில்லை. சான்று வாங்க ரெண்டு வருஷம் மாற்றுக்காலம் உண்டு. அதுவரை இயற்கை அரிசி என்று சொல்லி உனக்கு ஒரு படிகூடத் தரமாட்டேன்.

பொங்கலுக்குப் பரங்கிக்காய் அனுப்புகிறேன். கத்தரிக்காய் இல்லை. நேற்றுத்தான் அடித்தேன்.

தம்பி