கயிற்றில் ஏறி வந்த கரண்டுக்கு நன்றி

தமிழ் வகுப்புப் பெற்றோருக்கும், கோயில் பெரியவர்களுக்கும், அந்த இரண்டு நாளும் என் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் வணக்கம்.

நம் வகுப்புக்கான தமிழ்ப் பாடப் புத்தகம் வந்துவிட்டது. அச்சகத்துக் கட்டுகளை இறக்கி வைத்துவிட்டு நேராக இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். விரலில் இன்னும் மை இருக்கிறது. புதன்கிழமை இரவு, அச்சுக்குப் போக வேண்டிய பாடங்கள் இருந்த என் லினக்ஸ் கம்ப்யூட்டர், அப்டேட்டின் நடுவில் கரண்ட் போய், திரை கறுத்து நின்றது உங்களுக்குத் தெரியும், பாதிப் பேரிடம் நானே போனில் அழுதிருக்கிறேன். அதனால் அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். கரண்ட்டைத் திட்டினேன், லினக்ஸைத் திட்டினேன், ஆனால் தப்பு என் கையில்தான். கம்ப்யூட்டர் கிளம்பும்போது படிக்கிற பூட் பகுதியில் இடம் போதவில்லை என்று எச்சரிக்கை வந்ததும், அங்கே இருந்த பழைய கெர்னல்களை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியின் பழைய பதிப்புகளை, நானே அழித்தேன். அப்போது ஓடிக்கொண்டிருந்த 6.8 பதிப்பையும் சேர்த்து. "ஓடுகிற கெர்னலையே எடுக்கிறாயே, நிறுத்தவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்று சொன்னேன். அப்புறம் புதுப் பதிப்பான 6.11 இறங்கிக்கொண்டிருந்த பாதியில் கரண்ட் போனது.

அதனால்தான் ஆளாளுக்கு "க்ரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்க டீச்சர்" என்று சொன்னபோது நான் பதில் சொல்லாமல் இருந்தேன். க்ரப் என்பது, எந்தக் கெர்னலில் கிளம்ப வேண்டும் என்று தொடக்கத்தில் காட்டுகிற பட்டியல். தேர்ந்தெடுக்க அங்கே பழையது எதுவும் இல்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

பர்மாவின் மோல்மீன் ஊரிலிருந்து போனில் வழிகாட்டிய தம்பிக்கு முதலில் நன்றி. திரை கரிக்கட்டையாக நின்றபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "கேப்ஸ் லாக்கை அழுத்துங்க, விளக்கு எரியுதா?" என்பது. எரிந்தது. மறுபடி அழுத்தினால் அணைந்தது. "அப்ப உயிரோடதான் இருக்கு. கண்ணைத்தான் மூடியிருக்கு" என்றார். அந்த ஒரு வரிக்கு அப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கியது. பென் டிரைவில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டு எடுத்து வந்து, பாடங்களையெல்லாம் முதலில் வெளியே எடுத்துப் பத்திரப்படுத்திய நம் பழைய மாணவனுக்கும், கடைக் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கங்களைத் திறந்து பார்த்து, 'கொ'வில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கின்றன என்று ஒளிக்காமல் சொல்லி, ஒரு நாள் தவணையும் கொடுத்த அச்சகத்து அண்ணனுக்கும், காளி கோயிலில் எனக்காக விளக்குப் போட்ட அக்காவுக்கும், சோறு கொடுத்து அனுப்பிய பக்கத்து வீட்டுக்கும் சேர்த்தே இந்த நன்றி. தனித்தனியாக எழுதினால் இன்னொரு புத்தகம் ஆகும்.

இனி, யாரும் எதிர்பார்க்காத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தில் கீழே டீக்கடை வைத்திருக்கும் ஊலே.

நாங்கள் இருக்கும் யாங்கோனை, அதாவது பழைய ரங்கூனை, பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெரு வரை ஒரு கயிறு தொங்கும். கீழ் முனையில் ஒரு கிளிப்போ பையோ, மேல் முனையில் ஒரு சின்ன மணி. பேப்பர்காரர், சாப்பாடு கொண்டு வருகிறவர், எல்லோரும் கீழே நின்று கயிற்றை இழுப்பார்கள். மணி கேட்டதும் நாம் மேலே தூக்கிக்கொள்வோம். மூன்று மாடி ஏறி இறங்கும் வேலை மிச்சம்.

எனக்கும் ஊலேக்கும் நல்ல உறவு என்று சொல்ல முடியாது. அவருடைய ஜெனரேட்டர் என் ஜன்னலுக்கு நேர் கீழே. சத்தமும் புகையும் தாங்காமல் இரண்டு முறை சண்டைக்கே போயிருக்கிறேன். அவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரண்டு வருஷமாக அந்த ஜன்னலை நான் திறந்ததில்லை.

வியாழக்கிழமை எங்கள் பகுதிக்கு மாலை ஐந்திலிருந்து இரவு ஒன்பது வரை கரண்ட். கடைக் கம்ப்யூட்டரில் எழுத்து பிரிவதால் என் கம்ப்யூட்டரையே எழுப்பியாக வேண்டும், அந்த நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று தம்பி கணக்குப் போட்டிருந்தார். க்ரப் மெனுவில் ஆங்கில 'இ' எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்று சேர்க்கச் சொன்னார். திரையைக் கெர்னல் தன் இஷ்டத்துக்கு மாற்றாமல், கம்ப்யூட்டரின் அடிப்படை நிரலான பயாஸ் கொடுத்தபடியே விட்டுவிடு என்று அதற்கு அர்த்தமாம். கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தியதும் திரையில் எழுத்து வந்தது. மங்கலாக, பெரிது பெரிதாக, ஆனால் வந்தது. திரை கறுத்ததற்குக் காரணம், என் கிராபிக்ஸ் கார்டை ஓட்டுகிற என்விடியா டிரைவர். அது கெர்னலோடு சேர்ந்து வருகிற பொருள் இல்லை. ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் அதைப் புதிதாகக் கம்பைல் செய்து, அதாவது அந்தக் கெர்னலுக்குப் பொருந்தும்படி மாற்றிக் கட்டியாக வேண்டும். அந்த வேலையை டிகேஎம்எஸ் என்ற கருவி தானாகவே செய்யும், அந்தக் கெர்னலின் அமைப்பைச் சொல்லும் ஹெடர் கோப்புகள் இருந்தால். கரண்ட் போனபோது அவை முழுதாக வந்து சேரவில்லை. எனவே பாதியில் நின்ற மென்பொருள் பொட்டலங்களைச் சரிப்படுத்திவிட்டு, ஹெடர்களை மறுபடி இறக்க வேண்டும். போன் டேட்டாவில்தான். அது எறும்பு ஊர்வது போல் ஊர்ந்தது. மணி எட்டரை ஆகியும் பாதிதான் வந்திருந்தது. என் யூபிஎஸ் பேட்டரி கிழம், ஐந்து நிமிஷம் தாங்கினால் அதிகம்.

ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் கயிற்று மணி அடித்தது. இந்த நேரத்தில் யார் என்று கயிற்றை இழுத்தேன். கனமாக வந்தது. எட்டிப் பார்த்தால், கயிற்று முனையில் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதன் வயர் தெருவிளக்கு வெளிச்சத்தில் நெளிந்து நெளிந்து டீக்கடைக்குள் போனது. இரண்டு வயரைச் சேர்த்த இடத்தில் ஈரம் படாமல் பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது. கீழே ஊலே நின்றுகொண்டு, மேலே தூக்கு என்று கையைக் காட்டினார்.

ஒன்பதுக்குக் கரண்ட் போனதும் அவர் கடையை மூடிவிடுவார், ஜெனரேட்டர் போடமாட்டார். தினமும் அப்படித்தான். அன்று தெருவே இருட்டான பிறகு அந்த ஜெனரேட்டர் மட்டும் கடகடவென்று கிளம்பியது. யூபிஎஸ் ஒரு தடவை 'கீ' என்று கத்திவிட்டு அடங்கியது. போனில் தம்பி, "டீச்சர், கரண்ட் வந்துடுச்சா?" என்று கேட்டார். "இல்லப்பா, ஊலே வந்துட்டார்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

முதல் தடவை கம்பைல் ஆகாமல் நின்றது. பெயரில் ஒரே ஒரு எண் வேறாக இருந்த ஹெடரை இறக்கியிருந்தேன். இரண்டாவது தடவை ஓடியது. மணி பதினொன்றைத் தாண்டியபோது, டிகேஎம்எஸ்ஸிடம் ஸ்டேட்டஸ் கேட்டால் 'இன்ஸ்டால்டு' என்று வந்தது. அதற்குள் இரண்டு முறை மணி அடித்து, ஊலே கீழிருந்து கேட்டார்: "பீபிலா?" பர்மிய மொழியில் முடிந்ததா என்கிறார். இல்லை என்று நான் தலையாட்டினால் அவருக்கு இருட்டில் தெரியாது, கத்தவும் முடியாது, தெரு தூங்குகிறது. டார்ச்சை அணைத்து அணைத்துக் காட்டினேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. நானே ஜன்னலைத் திறந்து "பீபி!" என்று கத்திவிட்டேன். தூக்கம் கெட்ட அண்டை வீட்டார் எல்லோரும் மன்னிக்க வேண்டும்.

பெட்ரோல் காசை மறுநாள் காலை எடுத்துக்கொண்டு போனேன். "யாபாதே", பரவாயில்லை என்று சொல்லிவிட்டு டீ ஆற்றப் போய்விட்டார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கடைப் பையனைக் கேட்டேன். பென் டிரைவோடு வந்த நம் மாணவன் டீ குடிக்க இறங்கியபோது, ஒன்பது மணிக்குள் முடியாவிட்டால் டீச்சர் அழுதுவிடுவார் என்று சொல்லியிருக்கிறான். லினக்ஸ் என்றால் என்னவென்று ஊலேக்குத் தெரியாது. ஒன்பது மணி என்றால் என்னவென்று தெரியும்.

அச்சுக்குப் போகிற வாரத்தில் இனி எந்த அப்டேட்டும் கிடையாது. பழைய கெர்னல் ஒன்று எப்போதும் இருக்கும், கூடவே புது யூபிஎஸ் பேட்டரியும். தம்பியிடம் போனில் சத்தியம் செய்திருக்கிறேன், நீங்களும் சாட்சி. ஜன்னலைப் பற்றி யாரிடமும் சத்தியம் செய்யவில்லை, ஆனால் திறந்துதான் இருக்கிறது. புகை வருகிறது, பரவாயில்லை.

புத்தகங்களை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கொடுப்போம். இரண்டாம் பாடத்துப் படத்தில் ஆட்டுக்குட்டி கொஞ்சம் கறுப்பாக விழுந்திருக்கிறது, அதற்கு லினக்ஸ் காரணம் இல்லை. வயரைச் சுருட்டி வாசலில் வைத்திருக்கிறேன். அதை மட்டும் கயிற்றில் இறக்காமல், நானே கீழே இறங்கிக் கொடுக்கப் போகிறேன்.